தரிசு என்ற சொல்

கோடைக்கானலின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் ஏரியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். 1845ல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார்கள் சமவெளியின் காய்ச்சலுக்குப் பயந்து மலையேறி வீடு கட்டினார்கள். 1863ல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். இரண்டும் உண்மைதான். ஆனால் ஏரி, தண்ணீர் வந்து நிற்கிற இடம். அது எங்கிருந்து வந்தது என்ற சரித்திரம் வேறு.

பழனி மலையின் மேல்தளத்தை உயிரியல்காரர்கள் வானத்தீவு என்கிறார்கள். சுற்றிலும் கடலுக்குப் பதில் வெப்பச் சமவெளி. கடல்தீவில் உள்ளவனைப் போலவே இங்குள்ளவனுக்கும் தலைமேல் விழும் மழையை விட்டால் வேறு கதியில்லை. இன்னும் உயரத்திலிருந்து ஆறு எதுவும் வந்து சேராது. ஐப்பசி கார்த்திகையில் பெய்வதைச் சித்திரை வரை வைத்திருந்தாக வேண்டும். வைத்திருந்தது புல்வெளி. மடிப்புகளில் சோலை, திறந்த சரிவில் புல், பள்ளத்தில் சதுப்பு. அந்த மண் மழையைக் குடித்துவிட்டு மெதுவாகக் கசியவிடும். வராகநதியும் மஞ்சளாறும் மருதாநதியும் கோடையில் பிழைத்தது இந்தக் கசிவினால்தான்.

வெள்ளைக்கார நிர்வாகத்தின் கண்ணுக்கு மரமில்லாத நிலம் தரிசு. அந்தச் சொல் விழுந்த பிறகு காரியம் சுலபமாகிவிட்டது. விறகுக்குத் தைலமரம், தோல் பதனிடப் பட்டை தரும் ஆஸ்திரேலிய வாட்டில், பிறகு பைன். சுதந்திரம் வந்தது, நடவு பெருகியது, சொல் மாறவில்லை. 1973க்கும் 2014க்கும் இடையில் இந்த மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன. நீலகிரி கிளென்மார்கனில் 1968 முதல் இரண்டு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டு அளந்தார்கள். ஒன்று புல்லாகவே விடப்பட்டது, மற்றதன் பெரும்பகுதியில் தைலமரம். முதல் பத்தாண்டுச் சுற்றிலேயே மரம் வைத்த பக்கம் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது.

வங்கி மாற்றலில் நான் இங்கு வந்து ஆறு வருஷமாகிறது. வந்த புதிதில் பைன் காட்டு மூட்டத்தைப் பற்றி இரண்டு கவிதைகள் எழுதினேன், அச்சிலும் வந்தன. பயிர்க்கடன் புதுப்பிக்க வந்த பூம்பாறைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: “அந்தக் காடு வச்ச பெறகுதான் சார் எங்க ஊத்து நின்னுச்சு. முந்தி பூராவும் புல்லு.”

எனக்கு வெட்கமாக இருந்தது. குறிஞ்சித் திணை பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறோம். குறிஞ்சி, திறந்த புல்சரிவின் செடி என்பதை நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? நம் இயற்கைக் கவிதையில் கணிசமான பகுதி, நட்ட தோட்டத்தைக் காடென்று நம்பி எழுதியது. அந்த நிர்வாகத்தின் கண்ணைத்தான் நாமும் இரவல் வாங்கியிருக்கிறோம்.

சித்திரையில் என் தெருவில் லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நிற்கின்றன. 2024 மே மாதம் உயர்நீதிமன்ற உத்தரவின்படி வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. வருகிறவர்களை எண்ணலாம், ஊற்றை எண்ணிக் கொண்டுவர முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் ஒரே இரவில் கொட்டி மண்ணைச் சரித்துவிட்டுப் போயிற்று. பூமி சூடேறச் சூடேற மழை இப்படி மொத்தமாக வருவது கூடுமென்றால், பிடித்துவைக்கும் மண் முன்னைவிட அவசியம்.

எல்லாவற்றையும் வெட்டிவிட்டால் தீர்ந்தது என்றும் சொல்வதற்கில்லை. வெட்டிய இடத்தில் வாட்டில் விதை மறுபடி முளைக்கிறது. சில தோட்டங்களின் நிழலிலோ சோலைக்கன்று தானாக எழும்புகிறது. எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்பதை வனத்துறையும் தாவரம் அறிந்தவர்களும் சரிவு சரிவாகப் பார்த்துத் தீர்மானிக்கட்டும். தரிசு என்ற சொல்லைத் திரும்பப் பெறுவதில் எழுதுகிறவனுக்கும் பங்கு உண்டு. அந்த இரண்டு கவிதைகளையும் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டேன்.