லேப் வேண்டாம், டம்ளர் போதும்: நாரணாபுரம் குழந்தைக்கு ஒரு வருஷ அறிவியலை எப்படிச் சொல்லித் தரலாம்?

"தீக்குச்சியை உரசினா ஏன் பத்திக்குது?"

நாலாம் வகுப்புக் குழந்தை கேட்கும் சாதாரணக் கேள்விதான். ஆனால், சிவகாசியை ஒட்டியிருக்கும் நாரணாபுரம் பக்கம் இது வீட்டுக் கேள்வியும்கூட. அப்பா பட்டாசு ஆபீஸ், அம்மா தீப்பெட்டி ஆபீஸ், மாமா அச்சகம் என்று இருக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. இந்தக் குழந்தைக்கு அறிவியல் பாடம் என்பது மார்க் மட்டும் இல்லை, பாதுகாப்பும்தான்.

சரி, ஒரு வருஷத்தில் என்னென்ன சொல்லித் தரலாம்? வாங்க, பார்க்கலாம்.

இப்போ பள்ளியில் எப்படி இருக்கு?

தமிழ்நாட்டில் ஒண்ணாம், இரண்டாம் வகுப்புக்குச் சூழ்நிலையியல் பாடம். மூன்றாம் வகுப்பிலிருந்து அறிவியல் தனிப்பாடம். 2012-13 கல்வியாண்டில் வந்த முப்பருவ முறைப்படி, வருஷம் மூணு பருவமாகப் பிரியும்.

அரசுப் பள்ளிகளில் சோதனை செய்து பார்க்கும் 'வானவில் மன்றம்' 2022 நவம்பர் 28-ல் தொடங்கியது. ஆனால் அது 6 முதல் 8-ம் வகுப்பு வரைக்கும்தான். அதற்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பு டீச்சரும் வீடும்தான் லேப். பல தொடக்கப் பள்ளிகளில் ஒரே டீச்சர் இரண்டு, மூன்று வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கிறார். அதனால் செலவில்லாத, சீக்கிரம் முடியும் சோதனைகள்தான் கைகொடுக்கும்.

முதல் பருவம் (ஜூன் - செப்டம்பர்): மண், விதை, காற்று

மூன்று பழைய பாட்டிலின் அடிப்பாகத்தில் துளை போடுங்க. ஒன்றில் கரிசல் மண், ஒன்றில் செம்மண், இன்னொன்றில் மணல். மூன்றிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்க. மணலில் சட்டென இறங்கும், கரிசலில் மெதுவாக இறங்கும். கரிசல் காட்டில் மழை நின்ற பிறகும் ஈரம் ஏன் நிற்கிறது என்று பிள்ளையே சொல்லிவிடும்.

ஈரத் துணியில் பாசிப்பயறு முளைக்க வைத்து, தினமும் ஸ்கேலில் அளந்து நோட்டில் எழுதச் சொல்லுங்க. ஆடிக் காற்றுக்கு, பழைய காலண்டர் தாளில் காற்றாடி செய்தால் போதும். பார்ப்பது, அளப்பது, எழுதி வைப்பது. இந்த மூன்றும் பழகினால் பாதி அறிவியல் வந்தாச்சு.

இரண்டாம் பருவம் (அக்டோபர் - டிசம்பர்): தீ, ஒலி, மின்சாரம்

தீபாவளி பெரும்பாலும் இந்தப் பருவத்தில்தான் வரும். இந்த ஊருக்கு முக்கியமான பாடமும் இதுதான்.

தீ எரிய மூன்று வேணும்: எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம். எரியும் மெழுகுவர்த்தியை, பெரியவங்க பக்கத்தில் இருக்கும்போது, கண்ணாடி டம்ளரால் மூடிப் பாருங்க. உள்ளே ஆக்சிஜன் குறைந்ததும் அணைந்துவிடும்.

அடுத்த கேள்வி: பட்டாசைச் சிரட்டையால் மூடினால் அணையுமா? அணையாது. பட்டாசு மருந்தில் இருக்கும் பொட்டாசியம் நைட்ரேட் போன்ற உப்பே ஆக்சிஜனைக் கொடுத்துவிடும், வெளிக்காற்று தேவையில்லை. சிரட்டையோ டப்பாவோ சிதறி முகத்தில் அடிக்கும். இதை மட்டும் செய்து பார்க்கக் கூடாது, சொல்லிப் புரிய வைக்கணும்.

தீக்குச்சிக் கேள்விக்கும் பதில் இங்கேதான். பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ், குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட். உரசும் சூட்டில் இரண்டும் சேர்ந்து பற்றுகின்றன.

உலர்ந்த தலைமுடியில் சீப்பைத் தேய்த்தால் காகிதத் துண்டு ஒட்டிக்கொள்ளும். அது நிலைமின்சாரம். "வேலைக்கு நைலான் சேலை கட்டாதே, பருத்தி கட்டு" என்று பட்டாசு ஆலையில் சொல்வது ஏன் என்பதற்கு இதுதான் காரணம். அந்தச் சின்னப் பொறி மருந்துக்குப் போதும்.

வானத்தில் வெடி வெளிச்சம் தெரிந்த பிறகுதான் சத்தம் கேட்கும். ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மூணு வினாடி எண்ணினால், வெடித்த இடம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரம்!

மூன்றாம் பருவம் (ஜனவரி - ஏப்ரல்): வெயில், நிழல், உடம்பு

வெயிலுக்கு இங்கே பஞ்சமே இல்லை. ஒரு குச்சியை நேராக நட்டு, தினமும் மதியம் 12.20 வாக்கில் நிழலை அளக்கச் சொல்லுங்க. ஜனவரியில் நீளமாக இருக்கும் நிழல் குறைந்துகொண்டே வரும். சித்திரை பிறக்கும் நாட்களில் ஏறக்குறைய காணாமலே போய்விடும். சூரியன் அப்போது நம்ம தலைக்கு நேர் மேலே!

உடம்புப் பாடத்தில் தீக்காய முதலுதவியைக் கட்டாயம் சேர்க்கணும். குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டணும். இங்க், பேஸ்ட், மாவு எதுவும் தடவக் கூடாது. பெரிய காயம் என்றால் உடனே 108.

பெற்றோர் கவனத்துக்கு

* ஆலையிலிருந்து மருந்து, திரி எதையும் வீட்டுக்குக் கொண்டு வராதீங்க.
* கையில் வெள்ளிப் பொடியோடு பிள்ளையைத் தூக்காதீங்க. கை கழுவி, உடை மாற்றிய பிறகு தூக்குங்க.
* வெடிக்காத பட்டாசு விளையாட்டுப் பொருள் இல்லை. அதைப் பிரித்து மருந்து எடுப்பது சோதனையும் இல்லை.
* "ஏன்?" என்று கேட்டால் அதட்டாதீங்க. தெரியலைன்னா "நாளைக்கு டீச்சர்கிட்ட சேர்ந்து கேட்போம்" என்று சொல்லுங்க.

ஏன் இவ்வளவு முக்கியம்?

1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். சிவகாசியின் கதை அப்படிக் கற்றுக்கொண்டதில்தான் ஆரம்பிக்கிறது. பிறகு பிள்ளைகளே தீப்பெட்டி ஒட்டிய காலமும் வந்தது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. 2016 திருத்தத்துக்குப் பிறகு, 18 வயது ஆகாத யாரையும் பட்டாசு போன்ற ஆபத்தான தொழிலில் வைக்கக் கூடாது.

சட்டம் பிள்ளையை ஆலையிலிருந்து வகுப்பறைக்குக் கொண்டு வந்திருக்கிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, பெற்றோர் தினமும் கையாளும் மருந்து எப்படிப் பற்றுகிறது என்று தெரிய வேண்டாமா? அதற்கு ஒரு டம்ளரும் ஒரு மெழுகுவர்த்தியும் போதும்.