ஞானப்பல்லும் நோவகற்றும் வாயுவும்

அகவை இருபதை ஒட்டி முளைக்கும் கடைசிக் கடைவாய்ப்பல்லை ஞானப்பல் என வழங்குகிறோம். இலத்தீனிலும் அதற்கு அறிவுப்பல் என்னும் பொருள்படவே பெயர் அமைந்துள்ளது. நோவகற்றும் மருத்துவத்தின் வரலாற்றில் இப்பல் இருமுறை இடம்பெறுகின்றது. அவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கு வைத்து நோக்குவதே ஈண்டு எம் கருத்து.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் தாமஸ் பெடோஸ் நிறுவிய வாயு மருத்துவ நிலையத்தில், ஹம்பிரி டேவி என்னும் இளைஞர் நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவைத் தாமே உள்ளிழுத்து ஆராய்ந்துவந்தார். சிரிப்பூட்டும் வாயு என்பது இதுவே. அக்காலை அவருக்கு ஞானப்பல் முளைத்து ஈறு வீங்கியது. நோவினால் ஓய்வும் இல்லை, வேலையும் ஓடவில்லை. வாயுவை மிகுதியாக உள்ளிழுத்ததும் நோவு தணிந்தது. பின்னர் மீண்டது, முன்னினும் மிகுந்ததோ எனவும் அவர் ஐயுற்றார். 1800-இல் வெளியிட்ட நூலில் இதனைப் பதிந்ததோடு, குருதி மிகப் பெருகாத அறுவைகளில் இவ்வாயு பயன்படக்கூடும் என்றும் குறித்தார். அன்று அவருக்கு அகவை 21.

அந்நாளைய பற்பறிப்பு எத்தகையது என்பதை உளங்கொளல் வேண்டும். திறவுகோல் போன்றதொரு கருவியின் கொக்கியைப் பல்லில் மாட்டித் திருகுவர். பல் முறிவதும் உண்டு. தாடையெலும்பு உடைவதும் உண்டு. இத்துணைத் துன்பம் நிலவியும் டேவியின் குறிப்பை மருத்துவர் கைக்கொள்ளவில்லை. 500 பக்கங்களுக்கு மேற்பட்ட நூலில் அது புதைந்து கிடந்தது. வாயுவோ வேடிக்கைக் காட்சிக்குரிய பொருளாயிற்று.

அத்தகைய காட்சியொன்றே அடுத்த நிகழ்ச்சிக்குக் காரணம். 1844 டிசம்பர் 10 அன்று, அமெரிக்காவின் ஹார்ட்போர்டு நகரில் கோல்ட்டன் என்பார் அதனை நடத்தினார். வாயுவை உள்ளிழுத்த ஒருவர் காலில் அடிபட்டும் நோவு உணராமையைப் பல் மருத்துவர் ஹோரேஸ் வெல்ஸ் கண்டார். மறுநாளே கோல்ட்டன் வாயு அளிக்க, ஜான் ரிக்ஸ் என்னும் பல் மருத்துவர் வெல்ஸின் ஞானப்பல்லைப் பிடுங்கினார். வெல்ஸ் நோவறியவில்லை.

1845-இல் பாஸ்டனில் மருத்துவ மாணாக்கர்முன் இதனை அவர் செய்துகாட்டினார். வாயுப்பை முன்னரே அகற்றப்பட்டமையால் நோயாளி அலறினார். கூடியிருந்தோர் ஏமாற்று என எள்ளினர். வெல்ஸின் முன்னாள் மாணவரும் கூட்டாளியுமான மார்ட்டன், 1846 அக்டோபர் 16 அன்று அந்நகரிலேயே ஈதரைக் கொண்டு வெற்றி கண்டார். வெல்ஸோ குளோரோபார்மைத் தம்மீதே ஆய்ந்து மனநிலை திரிந்து, 1848 ஜனவரியில் நியூயார்க்குச் சிறையில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருக்கு அகவை 33.

எனின், கண்டறிந்தவர் யார்? பழைய நூலில் ஒரு தொடர் காணப்படின் அக்கலை அன்றே இருந்தது எனத் துணிவது, தமிழாராய்ச்சியில் எம்மனோர்க்கும் உள்ள வழக்கமே. டேவியின் நூல் அத்துணிவைத் தடுக்கின்றது. தொடர் இருந்தது, அத்தொடரால் ஒருவர் பல்லும் நோவின்றிப் பிடுங்கப்படவில்லை. ஜார்ஜியா மாநிலத்து கிராபோர்டு லாங் 1842-இலேயே ஈதரைக் கையாண்டும் 1849 வரை அதனை வெளியிடவில்லை. அவர்பால் செயல் இருந்தது, எழுத்து இல்லை. தம் பல்லையே சான்றாக்கி, அதனைப் பிறர்முன் காட்டவும் துணிந்த வெல்ஸுக்கே முதன்மை உரியது என யாம் கருதுகிறோம். அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 1864-இல் அவ்வாறே ஏற்றது. 1868-இல் பாஸ்டன் பூங்காவில் எழுப்பப்பட்ட ஈதர் நினைவுச்சின்னத்திலோ கண்டறிந்தவர் பெயர் பொறிக்கப்படவில்லை.