வெயிலில் நீண்ட சங்கிலி

1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலையருகே வில்லியம் லாம்ப்டன் நிலத்தை அளக்கத் தொடங்கினார். கையிலிருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி. லண்டனில் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் செய்தது; மெக்கார்ட்னி தூதுக்குழுவோடு சீனப் பேரரசரிடம் போய், அங்கே மதிப்பாரின்றி, கடைசியில் இந்தியாவில் விலைபோன பொருள். ஏழரை மைல் கோட்டுக்கு அதை நானூறு தடவை நீட்டி வைக்கவேண்டும். அந்தக் கோட்டின் மேல்தான் தென்னிந்தியாவின் முக்கோணங்கள் எல்லாம் எழும்ப இருந்தன. மே மாதக் கத்திரி வெயிலிலும் வேலை நடந்தது.

எஃகு ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால், தன் நீளத்தில் பத்து லட்சத்தில் பதினொரு பங்குக்குச் சற்று மேலாக நீளும். 100 அடியில் அது ஒரு மில்லிமீட்டரின் மூன்றிலொரு பங்குதான். நானூறு தடவை சேர்ந்தால் 14 சென்டிமீட்டர்! சூட்டைக் கணிப்பதில் ஒரேயொரு பாகை பிசகினால் வரும் பிழை இது.

எவ்வளவு நீளும் என்பதை முதலில் யாராவது அளந்திருக்க வேண்டுமல்லவா? முஷன்ப்ரூக் 1731இல் விவரித்த கருவி, விளக்குச் சுடரில் சூடேறும் கம்பியின் நீட்சியைப் பல்சக்கரங்களால் பெருக்கி ஒரு முள்ளால் காட்டியது. பற்களின் தளர்ச்சியும் சேர்ந்தே பெருகும் என்பது அதன் குறை. ராம்ஸ்டன் சக்கரங்களை விட்டு நுண்ணோக்கிக்குப் போனார். 1780களில் ஜெனரல் ராய்க்காக அவர் செய்த கருவியில், உலோகம் உறைபனியிலிருந்து கொதிநீருக்கு மாறும்போது அதன் முனை நகர்வதைக் கண்ணாலேயே பார்த்து அளக்கலாம். சங்கிலியைச் செய்தவரே அதன் பலவீனத்தையும் அளக்க வழிசெய்தார் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

ஆனால் வெளியில் இன்னொரு சிக்கல். லாம்ப்டன் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, அருகே வெப்பமானிகளை வைத்தார். அவை காட்டியது பெட்டிக் காற்றின் சூட்டை. எஃகின் சூட்டை அல்ல.

தாமஸ் கோல்பி அயர்லாந்தில் அந்தக் கேள்வியையே தவிர்த்தார். இரும்புச் சட்டம் ஒன்று, பித்தளைச் சட்டம் ஒன்று, நடுவில் பிணைப்பு, முனைகளில் சிறு நாக்குகள். பித்தளை கூடுதலாக நீள நாக்கு சாயும். அதன் நுனிப் புள்ளி மட்டும் அசையாது. எவரெஸ்ட் 1830இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது இந்தச் சட்டங்களைத்தான்.

1896இல் ஷார்ல் கியோம், இரும்போடு 36 சதவீதம் நிக்கல் சேர்த்தால் நீட்சி சாதாரண எஃகினதில் ஏறக்குறைய பத்திலொன்றாகக் குறைவதைக் கண்டார். அதற்கு ‘இன்வார்’ என்று பெயர். அதற்காக 1920இல் அவருக்குப் பௌதிக நோபல் பரிசு. ஐன்ஸ்டைனின் பரிசு அடுத்த ஆண்டுக்கானது.