மதிப்பெண்ணும் தரப்புள்ளியும்

பள்ளி இறுதித் தேர்வின் முடிவு வெளியாகும் நாளில் தமிழ்க் குடும்பங்களில் எழும் முதற் கேள்வி, "எவ்வளவு மார்க்கு?" என்பதே. பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்திலோ, இடுக்கி மலைகளில் தேவிகுளம், பீருமேடு வட்டங்களிலோ தமிழ் வழியில் பயின்ற பிள்ளை இக்கேள்விக்கு எண்ணால் விடை சொல்வதில்லை, எழுத்தால் சொல்கிறது. "தமிழில் ஏ பிளஸ், கணக்கில் சி பிளஸ்" என்று அது கூறுங்கால், டில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் வாழும் உறவினர் திகைக்கின்றனர். அப்பிள்ளையை மேற்படிப்புக்காகத் தம்மிடம் வரவழைத்துக்கொள்ளும்போது அத்திகைப்பு கவலையாகிறது. இவ்வெழுத்துகள் எங்ஙனம் வந்தன, இவற்றை எவ்வாறு கணக்கிடுவது என்பதை நாம் இன்று சிறிது ஆராய்வோம்.

எல்லைப்புறத் தமிழருக்குத் தேர்வு முறைகள் மாறுவது புதிதன்று. ஒரு காலத்தில் பாலக்காடு, சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதற்கு அண்மையிலுள்ள சித்தூர் கொச்சி அரசைச் சார்ந்தது. தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டவை. எனவே, ஒரே மொழி பேசும் மக்களின் பிள்ளைகள் மூன்று அரசுகளின் பள்ளி இறுதிச் சான்றுகளைப் பெற்று வந்தனர். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் கேரள மாநிலம் அமைந்தபின் அவை யாவும் ஒன்றாயின. இடுக்கி தனி மாவட்டமானது 1972இல். அரசுகள் மாறினும், ஆட்சிகள் மாறினும், தேர்வின் பயனை எண்ணாலேயே அளக்கும் வழக்கம் மட்டும் நெடுங்காலம் மாறவில்லை. கேரளத்துப் பள்ளி இறுதித் தேர்வில் 600 மதிப்பெண்ணுக்கு 210 பெற்றோர் தேறினர். 360 பெற்றோர் முதல் வகுப்பினர். மாநிலத்தில் முதலிடம் பெற்றவரின் படம் நாளிதழ்களில் வெளிவரும். ஒரே ஒரு மதிப்பெண் குறைந்தவர் அடுத்த இடத்துக்குத் தள்ளப்படுவார்.

அந்த ஒரு மதிப்பெண் உண்மையில் அறிவின் வேறுபாட்டைக் காட்டுமா? இவ்வினாவை அமெரிக்க நாட்டில் ஸ்டார்ச், எலியட் என்னும் இருவர் 1912இல் ஆராய்ந்தனர். ஒரே ஆங்கில விடைத்தாளின் படிகளைப் பல பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் செய்தனர். ஒருவர் 64 அளித்த அதே தாளுக்கு வேறொருவர் 98 அளித்திருந்தார்! திருத்தும் கைக்கேற்ப இத்துணை மாறும் எண்ணைக் கொண்டு, ஒரு மதிப்பெண்ணில் ஒருவரை உயர்ந்தவரென்றும் மற்றவரைத் தாழ்ந்தவரென்றும் கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

மாணவரைப் பெரும் பிரிவுகளாக வகுக்கும் முறையோ அதனினும் பழையது. 1785இல் யேல் கல்லூரியின் தலைவர் எஸ்ரா ஸ்டைல்ஸ், தாம் தேர்வு செய்த மாணவர்களை இலத்தீன் பெயர் கொண்ட நான்கு பிரிவுகளாகத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 1897இல் மவுண்ட் ஹோலியோக் கல்லூரி, மதிப்பெண்களை எல்லை வகுத்து எழுத்துகளாக்கியது. பிற்காலத்தில் எழுத்துக்கு ஒரு புள்ளி அளித்து, புள்ளிகளின் சராசரியைக் காணும் முறை பரவிற்று. அதுவே தரப்புள்ளிச் சராசரி.

கேரளத்தில் 2005ஆம் ஆண்டு எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் இம்முறை புகுந்தது. தரங்கள் ஒன்பது. நூற்றுக்குத் தொண்ணூறும் அதற்கு மேலும் ஏ பிளஸ். அதற்கு 9 புள்ளி. எண்பது முதல் ஏ, 8 புள்ளி. எழுபது முதல் பி பிளஸ், 7. அறுபது முதல் பி, 6. ஐம்பது முதல் சி பிளஸ், 5. நாற்பது முதல் சி, 4. முப்பது முதல் டி பிளஸ், 3. இருபது முதல் டி, 2. அதனினும் குறைந்தது இ, 1.

இனிக் கணக்கைக் காண்போம். மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்து மாணவி ஒருத்தியை நாம் கற்பனை செய்துகொள்வோம். தமிழ் இரண்டு தாள்களிலும் ஏ பிளஸ், 9, 9. ஆங்கிலம் 5, இந்தி 6, சமூக அறிவியல் 7, இயற்பியல் 6, வேதியியல் 6, உயிரியல் 7, கணக்கு 5, தகவல் தொழில்நுட்பம் 8. கூட்டுத்தொகை 68. தாள்கள் பத்து, ஆகவே சராசரி 6.8.

இங்கு நாம் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. முதன்மொழித் தாள் ஒவ்வொன்றுக்கும் 50 மதிப்பெண். கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனியே 100. மொத்தம் 650இல் தாய்மொழியின் பங்கு 100 மட்டுமே. புள்ளிக் கணக்கிலோ ஒவ்வொரு தாளும் ஒன்றாகவே எண்ணப்படும். ஆதலின் பத்தில் இரண்டு பங்கு தாய்மொழிக்கு உரியது. தமிழில் 5, 5 பெற்று, ஆங்கிலத்திலும் கணக்கிலும் 9, 9 பெற்று, ஏனைய தாள்களில் அம்மாணவியை ஒத்த மாணவன் ஒருவன் இருப்பானாயின், அவனுக்கும் 6.8தான். ஆனால் அந்நான்கு தாள்களின் மதிப்பெண்களைத் தரத்தின் கீழெல்லையில் வைத்துக் கூட்டினால் மாணவிக்கு 190, மாணவனுக்கு 230. மதிப்பெண் கூட்டலில் நாற்பது பின்தங்கும் எல்லைப்புறத் தமிழ்ப் பிள்ளை, புள்ளிக் கூட்டலில் சமமாக நிற்கிறது. தமிழை நன்கு கற்பதால் மேற்படிப்புக்குப் பயனில்லை என எண்ணும் பெற்றோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நன்று.

ஆயினும் இச்சமநிலை எல்லா வாயில்களிலும் நீடிப்பதில்லை. மலையாளத்தில் 'ஏகஜாலகம்' எனப்படும் ஒற்றைச் சாளர முறையில் பதினோராம் வகுப்பில் இடம் ஒதுக்குங்கால், விரும்பும் பிரிவுக்கு உரிய பாடங்களின் புள்ளிகளுக்கு மிகுதியான எடை தருகின்றனர். கல்லூரியிலோ பாடத்தின் அளவுக்கேற்ப 'கிரெடிட்' என்னும் எடை உண்டு. நான்கு கிரெடிட் பாடத்தில் 7 புள்ளியும், இரண்டு கிரெடிட் பாடத்தில் 9 புள்ளியும் பெற்றால் சராசரி 8 அன்று. 28உம் 18உம் சேர்ந்த 46ஐ ஆறால் வகுக்க, 7.67 ஆகும்.

வெளிமாநிலத்தில் வாழ்வோர் பெரிதும் விழிப்பாக இருக்க வேண்டிய இடம் வேறொன்று. அது, புள்ளியை மீண்டும் நூற்றுவிகிதமாக மாற்றும் இடம். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2010 முதல் 2017 வரை பத்தாம் வகுப்புக்குப் பத்துப் புள்ளி அளவைக் கையாண்டது. அச்சராசரியை 9.5 ஆல் பெருக்கினால் உத்தேச நூற்றுவிகிதம் கிட்டும் என்றது. அவ்வளவையில் 81 முதல் 90 வரை 9 புள்ளி. கேரளத்திலோ 90உம் அதற்கு மேலும் பெற்றவர்க்கே 9. 85 பெற்றவர்க்கு 8. எல்லாப் பாடங்களிலும் 85 பெற்ற கேரளப் பிள்ளையின் 8ஐ அப்பெருக்கலுக்கு உட்படுத்தினால் 76 வரும். ஒன்பது விழுக்காடு ஒரு பெருக்கலில் மறைந்துவிடுகிறது! அதே 8ஐ, உச்சப் புள்ளி 9 என்று கொண்டு வகுத்தால் ஏறத்தாழ 88.9 வரும். ஒரே சான்றிதழ், மூன்று எண்கள். ஓரிடம் கிடைப்பதும் கிடையாமற் போவதும் இவ்வேறுபாட்டில் அடங்கியிருக்கலாம்.

எனவே, விண்ணப்பம் அனுப்புமுன் எந்த விதியால் மாற்றுகின்றனர் என்று கல்லூரியை எழுத்து மூலம் கேட்டறிதல் வேண்டும். கேரளத் தேர்வுத் துறையாகிய பரீட்சா பவனின் தர அட்டவணையைச் சான்றிதழோடு இணைத்தல் வேண்டும். ஒன்பது புள்ளி அளவை வேறு, பத்துப் புள்ளி அளவை வேறு என்பதைத் தயங்காது எடுத்துரைத்தலும் வேண்டும்.

மரக்காலும் படியும் ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த காலத்தில், நெல் அளக்குமுன் எந்த ஊர்ப் படி என்று கேட்டுக்கொள்வது நம் முன்னோர் வழக்கம். கல்வியை அளக்கும் படியும் அத்தகையதே. அடுத்த முறை ஊரிலிருந்து பிள்ளையின் தேர்வு முடிவு வருங்கால், எத்தனை என்று கேட்பதோடு அமையாது, எந்த அளவையில் என்றும் நாம் கேட்போமாக.