கல்லறையில் இல்லாத குடும்பப் பெயர்



பல ஆண்டுகளுக்கு முன், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த ஒரு சகோதரி தம் குழந்தையின் ஞானஸ்நானத்துக்காக என்னிடம் வந்தார். பதிவேட்டில் தகப்பன் பெயர் எழுதும் இடம் வந்ததும் அவர் தலை தாழ்ந்தது. “அந்த இடத்தை விட்டுவிடலாமா ஐயா? அவர் எங்களை விட்டுப் போய்விட்டார். இனிஷியல் இல்லாத பிள்ளையை நாளைக்கு நாலு பேர் என்ன சொல்வார்களோ?” என்றார். இன்று வெளியூரில் வசிக்கும் அவருடைய சம்மதத்தோடே இதை எழுதுகிறேன். அன்று இரவு என் நினைவுக்கு வந்தது, நம் திருநெல்வேலிச் சீமையில் அடக்கம்பண்ணப்பட்ட ஓர் ஐரிஷ் பெண்ணின் பெயர்.

அயர்லாந்து மக்கள் குடும்பப் பெயரைப் பெரிதாக மதிப்பவர்கள். ஐரோப்பாவில் பரம்பரைக் குடும்பப் பெயர்கள் மிக முந்தித் தோன்றிய நாடுகளில் அதுவும் ஒன்று. அவர்கள் மொழியில் ‘மாக்’ என்றால் மகன்; ‘ஓ’ என்றால் பேரன் அல்லது வழித்தோன்றல். 1014இல் மடிந்த பிரையன் போரு என்னும் அரசனின் வழிவந்தோரே ஓ’பிரையன் குடும்பத்தார். நம் இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அவர்கள் பெயரோ ஆயிரம் ஆண்டு மாறாமல் நிற்கும். ஆங்கிலேயர் ஆட்சியில் பலர் அந்த ‘ஓ’வையும் ‘மாக்’கையும் விட்டார்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தம் மொழிப் பற்று மறுபடியும் எழும்பியபோது, அவர்களுடைய பிள்ளைகளில் பலர் அவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

அந்தத் தீவின் வடபகுதிக்குப் பதினேழாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்து திரளானோர் குடியேறினார்கள். அவர்கள் தங்கள் பிரெஸ்பிட்டேரியன் விசுவாசத்தோடு தங்கள் குடும்பப் பெயர்களையும் கொண்டுவந்தார்கள். அந்த வட அயர்லாந்தில் வழங்கும் ஸ்காட்லாந்துப் பெயர்களில் ஒன்று கார்மைக்கேல். அது முதலில் ஓர் ஆளின் பெயரல்ல, லானார்க்ஷயரில் உள்ள ஓர் ஊரின் பெயர். ‘மிகாவேலின் கோட்டை’ என்று அதற்குப் பொருள் சொல்லுவார்கள். மிகாவேல் என்னும் எபிரெயப் பெயரோ, “தேவனுக்கு ஒப்பானவர் யார்?” என்று கேட்கும் ஒரு கேள்வி.

1867 டிசம்பர் 16இல் அயர்லாந்தின் டவுன் மாவட்டத்திலுள்ள மில்லைல் கிராமத்தில், மாவு ஆலை நடத்திய ஒரு கார்மைக்கேல் குடும்பத்தில் மூத்த மகளாக ஏமி பிறந்தார். அவருக்குப் பதினேழு வயதானபோது தகப்பனார் காலமானார். பின்பு கெசிக் கன்வென்ஷனைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராபர்ட் வில்சன் என்னும் முதியவர் அவரைத் தம் மகளாகவே பாவித்தார். அதனாலேயே ஏமியின் ஆரம்பகால நூல்களில் ஆசிரியர் பெயர் வில்சன்-கார்மைக்கேல் என்று அச்சாகியிருக்கிறது. இரத்தம் தந்த பெயரின் பக்கத்தில் அன்பு தந்த பெயரும் இடம்பெற்றது.

1895இல் அவர் இந்தியாவுக்கு வந்தார். 1901இல் கோயிலுக்கு ஒப்புக்கொடுக்கப்படவிருந்த ஒரு சிறுமி தப்பி அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அவளைத் தொடர்ந்து பல பிள்ளைகள் வந்தார்கள். டோனாவூர் அவர்களுக்கு வீடாயிற்று. அந்த ஊரின் பெயரைக் கவனியுங்கள்: ரேனியஸ் ஐயர் காலத்தில் உதவி செய்த பிரஷ்ய நாட்டு டோனா பிரபுவின் குடும்பப் பெயரே அது! கார்மைக்கேலில் ஊர்ப்பெயர் குடும்பப் பெயராயிற்று. டோனாவூரிலோ குடும்பப் பெயர் ஊர்ப்பெயராயிற்று.

அந்த வீட்டில் ஒருவரும் குடும்பப் பெயரால் அழைக்கப்படவில்லை. ஊழியம் செய்த பெண்கள் சித்தி, அக்காள்; ஆண்கள் அண்ணாச்சி; ஏமியோ எல்லாருக்கும் அம்மா. தகப்பன் இன்னான் என்று அறியாத குழந்தையும், வீட்டார் கைவிட்ட குழந்தையும் ஒரே முறைப்பெயரால் ஒரே குடும்பமானார்கள். 1931இல் கீழே விழுந்து காயப்பட்ட அவர், பிற்பாடு பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்து, 1951 ஜனவரி 18இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தமக்குக் கல்லறைக்கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அங்கே பறவைகள் நீர் அருந்தும் ஒரு கல்தொட்டியை வைத்தார்கள். அதில் கார்மைக்கேலும் இல்லை, வில்சனும் இல்லை. தாய் என்று பொருள்படும் ஒரே ஒரு தமிழ்ச் சொல் மாத்திரம் உண்டு.

அன்பானவர்களே, 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில் பலர் தங்கள் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தைக் களைந்தார்கள். நம் சபைப் பதிவேட்டிலும் அது இல்லை. ஆனால் பெண் பார்க்கும்போது, “அவர்கள் யார்?” என்று தாழ்ந்த குரலில் விசாரிக்கிறோமே, அந்தக் கேள்வியில் அது இருக்கிறது. வேலை தேடி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் பின்வரிசையில் அமரும் வாலிபரை இன்னமும் ‘வடக்கத்திக்காரர்’ என்கிறோம். அவருடைய பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

பிள்ளையற்ற அண்ணகருக்குத் தம் ஆலயத்திலே, குமாரர் குமாரத்திகளுக்குரியதைவிட மேலான ஒரு பெயரைக் கொடுப்பதாக ஏசாயா 56ஆம் அதிகாரத்தில் கர்த்தர் வாக்களிக்கிறார். அந்தக் குழந்தையின் பதிவேட்டில் தாயின் பெயரை எழுதினேன். தாயின் முதலெழுத்தே இனிஷியலாயிற்று. ஞானப்பெற்றோராக யார் நிற்பார்கள் என்று ஆராதனையில் கேட்டபோது, முதலில் எழுந்து நின்றவர் பிள்ளையில்லாத ஒரு விதவைத் தாயார். அந்தப் பிள்ளை அவரை இன்றும் ஆச்சி என்றே அழைக்கிறது.

இந்த ஞாயிறு உங்கள் அருகில் அமருகிறவரின் பெயரைக் கேளுங்கள். அதற்கு மேல் ஒன்றும் கேட்க வேண்டாம்.