சுதந்திரப் பள்ளு யார் பாடிய பள்ளு?

பாரதியாரின் ‘சுதந்திரப் பள்ளு’ காதில் விழாத தமிழர் அரிது. 1947 ஜனவரியில் வெளிவந்த ஏவி.எம்.மின் ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே. பட்டம்மாளின் குரலில் ஒலித்து, ஊர் ஊராகப் பரவிய பாட்டு அது. 1921இல் மறைந்த கவிஞர் 1947இன் விடுதலையை முன்கூட்டியே கொண்டாடிவிட்டார் என்று இன்றும் வியக்கிறோம். வியப்பு நியாயமானதே. ஆனால் தலைப்பிலுள்ள ‘பள்ளு’ என்ற சொல்லுக்கு வெறுமனே பாட்டு என்று பொருள்கொண்டு தாண்டிவிடுகிறோம். அங்கேதான் பாதிப் பொருள் நழுவுகிறது. அந்தப் பாட்டில் ஆடிப் பாடுகிறவர் சேற்றில் இறங்கி உழைத்த பள்ளர்.

பள்ளு, தமிழ்ச் சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்று. உழத்திப் பாட்டு என்றும் பெயர். அவற்றுள் புகழ்பெற்ற முக்கூடற்பள்ளு, பாரதி பிறந்த நெல்லைச் சீமையில், தாமிரபரணியோடு சிற்றாறு கலக்கும் இடத்தைப் பாடுவது. மழைக்குறி, ஆற்று வெள்ளம், நெல் வகை, மாட்டு வகை, நடவு, அறுவடை என ஒரு வெள்ளாண்மை ஆண்டே அதில் உண்டு. நடுவே பள்ளனும் அவன் மனைவியர் இருவரும்; மேலே பண்ணைக்காரன். இளையவளே கதியென்று கிடக்கும் பள்ளனைப் பற்றி மூத்தவள் முறையிட, பண்ணைக்காரன் அவனைக் கால்களைப் பூட்டிவைக்கும் தொழுமரத்தில் மாட்டிவிடுகிறான். பிறகு அவளே கெஞ்சி மீட்கிறாள். கேட்பவருக்குச் சிரிப்பு வரும். மாட்டவும் விடுவிக்கவும் யாருக்கு அதிகாரம் இருந்தது என்பதும் அந்தச் சிரிப்போடு சேர்ந்தே வரும்.

கும்மி, சிந்து, கிளிப்பாட்டு என்று நாட்டு வடிவங்கள் பலவற்றை எடுத்தாண்டவர் பாரதி. இதையும் மெட்டுக்காகத்தானே எடுத்தார் என்று கேட்கலாம். மெட்டு மட்டுமே காரணமென்றால் தலைப்போடு ‘பள்ளர் களியாட்டம்’ என்ற குறிப்பு எதற்கு? பாட்டின் உள்ளும் சான்று இருக்கிறது. பரங்கியின் துரைத்தனம் ஒழிந்ததைச் சொல்லும் முன்பே, பிறப்பை வைத்து ஒருவரை உயர்த்தி அழைத்த காலம் ஒழிந்ததை அது சொல்லிவிடுகிறது. உழவையும் தொழிலையும் வணங்கச் சொல்கிறது. உழைக்காமல் உண்டு களிப்பவரைப் பழிக்கிறது. இந்த வரிசை உழவுக்கூலியின் வாயில்தான் அச்சாகப் பொருந்துகிறது.

இன்னொரு மறுப்பு வலுவானது. பள்ளு நூல்களை எழுதியவர்கள் கற்ற புலவர்கள், பாரதியும் அந்தணர். அப்படியிருக்கப் பள்ளரின் குரல் இதில் எங்கே என்பார்கள். உண்மைதான், இது பிறர் புனைந்த குரலே. ஆனால் புனைந்தவர் எதை வைத்துக்கொண்டார், எதை நீக்கினார் என்று பார்க்க வேண்டும். பாரதியின் பள்ளில் பண்ணைக்காரன் இல்லை, தொழுமரம் இல்லை, சக்களத்திச் சண்டையும் இல்லை. பழைய பள்ளில் நகைப்புக்கு ஆளானவன் இங்கே நாட்டுக்குத் தீர்ப்புச் சொல்கிறான். வடிவத்தை வைத்துக்கொண்டு அதன் மேல் உட்கார்ந்திருந்த அதிகாரத்தை மட்டும் இறக்கிவிட்ட இந்த மாற்றம் தற்செயலாக நேர்ந்திருக்காது. கடைநிலையில் நின்றவன் களிக்கும் நாள்தான் விடுதலை நாள் என்பது பாரதியின் கணக்கு.

ஆகவே ஆகஸ்ட் 15 அன்று இதைப் பாடுவோர் முதல் அடியோடு நிறுத்திவிட வேண்டாம். கடைசிக் கண்ணி வரை பாடுங்கள். பாடும் முன் தலைப்பையும் அதன் குறிப்பையும் உரக்கப் படியுங்கள்.