எல்லாமே தப்பாகப் போகும் நாடகம்... சரியாகச் செய்வது எப்படி?

கதவு திறக்கவில்லை. பிணமாகக் கிடக்க வேண்டியவர் நகர்கிறார். சுவரில் மாட்டிய பொருள்கள் ஒவ்வொன்றாக விழுகின்றன. நடிகர்களோ ஒன்றுமே நடக்காததுபோல் வசனத்தைத் தொடர்கிறார்கள்.

இதுதான் 'த பிளே தட் கோஸ் ராங்'. 2014ஆம் ஆண்டு லண்டனின் டச்சஸ் அரங்குக்கு வந்த நகைச்சுவை நாடகம்.

கதை என்ன?

நாடகத்துக்குள் நாடகம். கார்ன்லி பலதுறைத் தொழிற்கல்லூரி என்ற கற்பனைக் கல்லூரியின் நாடகச் சங்கம், 1920களில் நடக்கும் கொலை மர்மக் கதையை மேடையேற்றுகிறது. கொலைகாரர் யார் என்று நீங்கள் ரொம்ப யோசிக்க வேண்டாம். கடைசிவரை மேடை தாங்குமா என்பதுதான் மர்மமே!

ஒரு காட்சியில் விஸ்கிக்குப் பதிலாகச் சாயம் கரைக்கும் திரவம் வந்துவிடுகிறது. வேறு வழியில்லை, குடித்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒருவர் பழைய வசனத்தை மறுபடி சொல்லிவிட, காட்சி பின்னால் போய் மீண்டும் அதே இடத்துக்கு வருகிறது. அப்படியென்றால்? மறுபடியும் குடிக்கணும்!

சிரிப்பு வருவது ஏன்?

பொருள் விழுவதால் மட்டுமல்ல. அந்தக் கல்லூரி நடிகர்கள் யாரையும் சிரிக்கவைக்க முயல்வதில்லை. நல்ல நாடகம் போடத்தான் உயிரைக் கொடுத்துப் போராடுகிறார்கள். பள்ளி மேடையில் வசனம் மறந்து நின்றவர்களுக்கு அந்தத் தவிப்பு சட்டென்று புரியும்.

உண்மையான நடிகர்களின் வேலை இன்னும் கஷ்டம். மேல்மாடி அறை சாயும்போது யார் எங்கே நிற்கணும் என்பது முன்பே முடிவானது. ஒரு விநாடி பிசகினால் சிரிப்பு போய்விடும், அடியும் படலாம். நாடகம் 2017இல் பிராட்வேக்குப் போனபோது, மேடை வடிவமைப்புக்காகத்தான் டோனி விருது கிடைத்தது. அதில் ஆச்சரியமில்லை, அந்த மேடையும் ஒரு நடிகர்தான்.

எழுதியவர்கள்?

ஹென்றி லூயிஸ், ஜானதன் சேயர், ஹென்றி ஷீல்ட்ஸ். 2012இல் லண்டனில் ஒரு மதுக்கூடத்தின் மாடியில் இருந்த சின்ன அரங்கில் தொடங்கினார்கள். 2015இல் சிறந்த புதிய நகைச்சுவைக்கான ஒலிவியே விருதும் கிடைத்தது.

இந்த வகை புதிதல்ல. மைக்கேல் ஃபிரேய்ன் 1970இல் தம் நாடகம் ஒன்றை மேடைக்குப் பின்னால் நின்று பார்த்தார். முன்னால் நடப்பதைவிடப் பின்னால் நடப்பதே அதிகச் சிரிப்பாக இருந்ததாம்! அதிலிருந்து பிறந்தது 1982இல் மேடையேறிய 'நாய்சஸ் ஆஃப்'.

பார்க்கப் போனால் கொஞ்சம் சீக்கிரமே உட்கார்ந்துவிடுங்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே மேடைப் பணியாளர்கள் உடைந்த பொருள்களை ஒட்டவைக்கத் திணறிக்கொண்டிருப்பார்கள். உதவிக்கு உங்களையே கூப்பிட்டாலும் கூப்பிடலாம்.